பழைய மோதிரம், செயற்கைக் கல்: கடைக்காரர் மாற்றிவிட்டாரா?

கேள்வி:

ஐயா, என் அம்மப்பா மலாயாவில் ரெயில்வே கிளாக்கராக வேலை பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். 1927இல் கோலாலம்பூரில் அம்மம்மாவுக்கு ஒரு சிவப்புக் கல் மோதிரம் வாங்கிக் கொடுத்தாராம். பர்மா மாணிக்கம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கல் சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு புள்ளி, ஒரு வெடிப்புக் கிடையாது. மகளின் கலியாணத்துக்கு அதைப் பதக்கமாக மாற்றலாம் என்று கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். வைத்துவிட்டு மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். போனால், "இது செயற்கைக் கல், அக்கா" என்று மோதிரத்தை அப்படியே திருப்பித் தந்தார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா, "கல்லை மாத்திப்போட்டாங்கள், பொலிசுக்குப் போ" என்கிறார். அந்தக் காலத்தில் ஏது செயற்கைக் கல்? வீட்டில் சோதித்துப் பார்க்க வழி உண்டா? இன்னொன்று, மகளின் சாதகத்துக்கு மாணிக்கம் போடச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்? மோதிரத்தின் படங்களை அனுப்புகிறேன். பக்கத்தில் இருப்பது அம்மப்பாவின் பொக்கற் மணிக்கூடு. இன்றைக்கும் ஓடுகிறது.

வாசகி, மானிப்பாய்

பதில்:

தங்கச்சி, பொலிசுக்குப் போக வேண்டாம். குறைந்தது இதை வாசித்து முடிக்கும்வரையாவது போக வேண்டாம்.

"அந்தக் காலத்தில் ஏது செயற்கைக் கல்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினை முழுக்க அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். பழைய சிவப்புக் கல் மோதிரம் ஒன்று கல் சோதிக்கும் என் மேசைக்கு வந்தால், கூடவே இந்த நம்பிக்கையும் வரும்: நகை பழையது, ஆகவே கல்லும் நிலத்தில் எடுத்த கல். செயற்கைக் கல் என்பது ஏதோ நேற்றுச் சீனாவிலிருந்து வந்த சாமான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் அம்மப்பா கப்பல் ஏறுவதற்கு முன்பே அது உலகச் சந்தையில் மலிந்து கிடந்தது.

பாரிசில் எட்மொன் ஃபிரெமி என்ற இரசாயனப் பேராசிரியர் 1877இலேயே சிறிய சிவப்புப் பளிங்குகளை உலையில் வளர்த்துக் காட்டிவிட்டார். 1880களின் நடுவில் "ஜெனீவா மாணிக்கம்" என்ற பெயரில் ஒரு சரக்கு ஐரோப்பியச் சந்தையில் இயற்கைக் கல்லாகவே விலைபோய், பிறகு குட்டு வெளிப்பட்டு வியாபாரிகள் சண்டை பிடித்தார்கள். ஃபிரெமியின் மாணவர் ஒகுஸ்த் வெர்னூய் தன் முறையை முத்திரை வைத்த உறைக்குள் எழுதிப் பல வருடம் வைத்திருந்துவிட்டு, 1902இல் வெளியிட்டார். 1907 அளவில் அந்த முறையில் ஆண்டுக்கு ஆயிரம் கிலோ வரை மாணிக்கம் உற்பத்தியானது. ஒரு கரட் என்பது 0.2 கிராம். ஆயிரம் கிலோவைக் கரட்டாக்கினால் ஐம்பது இலட்சம். இது 1907இன் கணக்கு. உங்கள் மோதிரம் அதற்கு இருபது வருடம் பிந்தியது.

வெர்னூய் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். உங்கள் கல்லைக் கண்டுபிடிக்கும் வழியும் அதற்குள்தான் இருக்கிறது.

மாணிக்கம் என்பது கொரண்டம் என்ற கனிமம். அலுமினியம் ஒட்சைட்டு, அவ்வளவுதான். அதற்குள் ஒரு சிறு அளவு குரோமியம் புகுந்தால் சிவப்பு. வெர்னூய் இந்த இரண்டையும் மாவாக அரைத்து, உயரத்தில் ஒரு சல்லடைப் பாத்திரத்தில் வைத்தார். ஒரு சின்னச் சுத்தியல் அந்தப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிட்டிகை மா கீழே விழும். விழும் வழியில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்து எரியும் சுவாலை, ஏறக்குறைய 2000 பாகைச் சூடு. மா உருகித் துளியாகி, கீழே நிற்கும் ஒரு தண்டின் நுனியில் போய் உட்காரும். தண்டை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வந்தால், அடி ஒடுங்கி மேல் பருத்த ஒரு சிவப்புக் கட்டி வளர்ந்து வரும். பம்பரத்தை ஆணி கீழே இருக்க நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. சில மணித்தியால வேலை. ஆறியதும் ஒரு தட்டுத் தட்டினால் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்கும். உள்ளே இறுகிக் கிடந்த இழுவிசை அப்படித்தான் விடுபடும். பிறகு வெட்டிப் பட்டை தீட்டவேண்டியதுதான்.

இப்படி வந்தது கண்ணாடி அன்று. இதை ஒவ்வொருவருக்கும் நான் இரண்டு தரம் சொல்வதுண்டு. செயற்கை மாணிக்கமும் மாணிக்கம்தான். அதே கொரண்டம், அதே குரோமியம். பத்து வரை போகும் அளவுகோலில் கடினம் இரண்டுக்கும் 9. ஒளி உள்ளே புகும்போது எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் முறிவுச் சுட்டி இரண்டுக்கும் 1.76 முதல் 1.77 வரை. தண்ணீரைப்போல் நான்கு மடங்கு பாரம், அதுவும் இரண்டுக்கும் ஒன்றுதான். சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்று விற்றால் அது போலி. ஆலையில் வளர்ந்த மாணிக்கத்தை ஆலையில் வளர்ந்தது என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. சொல்லாமல் விற்பதுதான் களவு.

உங்கள் அம்மப்பாவின் மணிக்கூட்டைத் திறந்தால் உள்ளே சக்கரங்களின் அச்சு நுனிகள் சின்னச் சின்னச் சிவப்புக் கற்களில் சுழல்வதைக் காணலாம். பழைய மணிக்கூடுகளின் முகத்தில் "17 ஜுவல்ஸ்" என்று எழுதியிருக்குமே, அந்தப் பதினேழும் அவைதான். தேயாமல் இருக்க மாணிக்கம் வைப்பார்கள். வெர்னூய் முறை வந்த பிறகு சுவிஸ் மணிக்கூட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஆலைக் கல்லுக்கு மாறினார்கள். உங்கள் அம்மப்பாவின் சட்டைப் பையில் ஆலை மாணிக்கம் இருந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு. மனைவியின் விரலிலும் அதுவே இருந்தால் அதிசயப்பட என்ன இருக்கிறது? 1960இல் தியோடர் மைமன் உலகத்தின் முதல் லேசரை எரிய வைத்தாரே, அதற்குள் இருந்ததும் ஆலையில் வளர்த்த ஒரு மாணிக்கக் கோல்தான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். சுண்டுவிரல் நகத்தளவு என்றால் மூன்று கரட் அளவில் இருக்கும். புள்ளி இல்லை, வெடிப்பில்லை என்கிறீர்கள். அந்த அளவில், அந்தச் சுத்தத்தில், நல்ல சிவப்பில், பர்மாவின் மாணிக்கச் சுரங்க ஊரான மொகொக்கில் எடுத்த ஒரு கல் அன்றைக்கும் அரச குடும்பங்கள் தேடித் திரிந்த பொருள். இயற்கை மாணிக்கம் ஒரு கரட்டைத் தாண்டினாலே குறை இல்லாமல் கிடைப்பது அரிது. வைரத்தைவிட அரிது. ஒரு கிளாக்கர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அது கைக்கு எட்டும் விலையில் இருந்திருக்காது. "கல் அவ்வளவு சுத்தம், ஐயா" என்று யாராவது பெருமையோடு நீட்டும்போதுதான் எனக்குள் முதல் சந்தேகம் எழும். எதிர்மாறாக, உள்ளே ஏதோ அழுக்குப்போல் இருக்கிறதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு கொண்டுவரும் கல்லைத்தான் நான் ஆசையோடு கையில் வாங்குவேன்.

அடுத்தது, வீட்டில் சோதிக்கும் வழி. முதலில், பயன்படாத வழிகளைத் தள்ளிவைப்போம். பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பார்கள். கண்ணாடியில் கீறிப் பார்ப்பார்கள். மூச்சு ஊதிப் பார்ப்பார்கள். வைரம் பார்க்கும் பேனையை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இதெல்லாம் கண்ணாடியா மாணிக்கமா என்று பிரிக்க வேண்டுமானால் கொஞ்சம் உதவலாம் (பால் அதற்கும் உதவாது). மாணிக்கத்தையும் மாணிக்கத்தையும் பிரிக்க உதவாது, பொருள் ஒன்றாக இருக்கிறதே. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா லைற்றைப் பிடித்தால் ஆலைக் கல் தணல்போல் சிவந்து மின்னும். ஆனால் பர்மாக் கல்லும் மின்னும், எங்கள் இலங்கைக் கல்லும் மின்னும். இரும்பு கூடிய தாய்லாந்துக் கல் மட்டும் மங்கலாகக் கிடக்கும். லைற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இரண்டையும் பிரிப்பது, வளர்ந்த விதம் உள்ளே விட்டுப்போன தடம். நிலத்துக்கு அடியில் வளரும் மாணிக்கம் தட்டையான முகங்கள் கொண்ட அறுகோணப் பளிங்காக வளரும். நிறம் கூடிக் குறைந்தால் அந்த வரிகள் நேராக ஓடி, மூலையில் கோணமாகத் திரும்பும். பனையோலைப் பெட்டி இழைக்கும்போது ஓலை மடிந்து திரும்பும் மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவாலைக்கு அடியில் வளர்ந்த கல்லுக்குத் தட்டை முகம் இல்லை. உருகிய மேற்பரப்பு எப்போதும் குவிந்து உருண்டையாக இருக்கும், ஒவ்வொரு படையும் அந்த வளைவின் மேலேயே படியும். ஆகவே வரிகள் வளைந்திருக்கும். குளத்தில் கல்லெறிந்தால் எழும் வளையங்களில் ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரி. இயற்கை எந்தக் காலத்திலும் மாணிக்கத்துக்குள் வளைந்த கோடு போட்டதில்லை. வளைகோட்டைக் கண்டால் வழக்கு முடிந்தது.

கூடவே காற்றுக் குமிழிகள். உருண்டையாக, சிலவேளை வாற்பேத்தைபோல் ஒரு சின்ன வாலோடு. இயற்கைக் கல்லில் இவற்றுக்குப் பதிலாக ஊசி இருக்கும். இரத்தினபுரிக் கல்லில் உரூட்டைல் என்ற வேறொரு கனிமத்தின் நீண்ட மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும், வெளிச்சம் பட்டால் பட்டு நூல்போல் மினுங்கும். தொழிலில் அதைப் பட்டு என்றே சொல்வோம். சிர்க்கன் என்ற கனிமத்தின் மணி ஒன்று உள்ளே இருந்து, அதைச் சுற்றிச் சின்ன வெடிப்பு ஒளிவட்டம்போல் பரவியிருந்தால் அந்தக் கல்லுக்கு நான் எழும்பி நின்று மரியாதை செய்வேன்.

நீங்கள் செய்து பார்க்கக்கூடியது இவ்வளவுதான்: பத்து மடங்கு கைவில்லை ஒன்று வாங்குங்கள், விலை பெரிதில்லை. வெள்ளைக் கோப்பையில் தேங்காய் எண்ணெய் விட்டு மோதிரத்தை அமிழ்த்துங்கள். எண்ணெய்க்குள் பட்டைகளின் மினுக்கம் அடங்கும், உள்ளே பார்க்க இலகு. மேலிருந்து பார்த்தால் கோடு தெரியாது. கல்லைப் பக்கவாட்டில் சாய்த்து, பின்னாலிருந்து போன் ரோச்சைப் பிடித்து, மெல்லத் திருப்புங்கள். பொறுமை வேண்டும். கோடு சட்டென்று ஒரு கோணத்தில் தெரிந்து, அரைப் பாகை திரும்பினால் மறைந்துவிடும். தெரிந்தால் முடிவு. தெரியாவிட்டால் இயற்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நுணுக்குக்காட்டி உள்ள ஒருவரிடம் போக வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டியல், பதக்கம் மாதிரிப் பின்புறம் மூடிக் கட்டிய பழைய நகைகளில் இதைச் செய்யக் கூடாது. கல்லுக்குப் பின்னால் தகடும் அரக்கும் இருக்கும், எண்ணெய் புகுந்தால் கல்லின் முகமே செத்துவிடும்.

உங்கள் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. மோதிரம் 1927 என்ற குடும்பக் கதை உண்மையானால், செயற்கை வகையில் அது வெர்னூய் முறைக் கல்லாகத்தான் இருக்க வேண்டும். உருகிய உப்புக் குழம்பில் மாதக்கணக்கில் வளர்க்கும் இன்னொரு வகை உண்டு. அமெரிக்காவில் கரோல் சதம் அந்த வகை மாணிக்கத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1959இல். அது பொல்லாத சாமான். உள்ளே இருக்கும் தடம் இயற்கைக் கல்லின் கைரேகை வெடிப்புப் போலவே இருக்கும், ஆய்வுகூடங்களே இரண்டு தரம் பார்க்கும். ஆகவே கல் பழையது என்பது இயற்கை என்பதற்குச் சாட்சி சொல்லாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதைச் சுருக்கித் தரும். உங்கள் கல்லில் வளைகோடு ஒன்று மட்டும்தான் தேட வேண்டும்.

அதே தர்க்கம் கடைக்காரருக்கும் உதவும். நீங்கள் திரும்பப் பெற்ற கல்லில் குழம்பில் வளர்ந்ததற்கான தடம் இருந்தால், அது 1927 மோதிரத்துக்குள் பின்னர் வந்து குந்திய கல். அப்போது அண்ணா சொன்னதை யோசிக்கலாம். வளைகோடு இருந்தால், கோலாலம்பூரில் வாங்கிய கல்லே அதுவாக இருக்க முழு இடமுண்டு. ஆனாலும் அது மட்டும் போதாது. இன்றைய வெர்னூய் கல்லிலும் வளைகோடு இருக்கும். அதனால் தங்கத்தைப் பாருங்கள்.

உங்கள் மூன்றாவது படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கல்லைப் பிடித்திருக்கும் நான்கு நகங்களும் தேய்ந்து கல்லோடு கல்லாகப் படிந்திருக்கின்றன. அந்த நகங்களை நிமிர்த்திக் கல்லை எடுத்து வேறு கல் வைத்து மறுபடி அழுத்தினால், மெலிந்த பழந்தங்கம் ஒன்றில் முறியும், அல்லது ஆயுதம் பட்ட இடம் புதிதாக மினுங்கும். அப்படி ஒன்றும் தெரியவில்லை. நகத்துக்கும் கல்லுக்கும் இடையில் கறுத்த ஊத்தை இறுகிக் கிடக்கிறது. சவர்க்காரமும் எண்ணெயும் தோலும் சேர்ந்து எத்தனையோ வருடம் படிந்த ஊத்தை அது, மூன்று நாளில் வராது. இன்னொன்று, கல்லின் மேற்பக்கப் பட்டைகள் கத்தரிக்கோல் விரித்தாற்போல் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்தக் காலத்து ஆலைக் கற்களில் நான் நிறையக் கண்ட வெட்டு. விலை மதிப்புள்ள பர்மாக் கல்லை அப்படி அளவெடுத்து வெட்டி எடையை வீணாக்க மாட்டார்கள். இருக்கிற வடிவத்தோடு ஒத்துப்போய், அடி பருத்திருந்தாலும் பரவாயில்லை என்று வெட்டுவார்கள். படத்தை வைத்து நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் உங்களுக்கு உண்மையைச் சொன்னார் என்றுதான் படுகிறது. பொய் சொல்ல நினைத்தவர், "நல்ல கல், அக்கா, அப்படியே பதக்கத்தில் வைப்பம்" என்று கூலியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

ஒரு குறை மட்டும் அவர் பக்கம் உண்டு. கல் வைத்த நகையை வாங்கி வைக்கும்போது, கல்லின் நீள அகலமும் ஒரு கிட்டப் படமும் பற்றுச்சீட்டில் இருந்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. எங்கள் ஊரில் தங்கத்தின் எடையை மில்லிகிராம்வரை எழுதுவார்கள், கல்லை "சி.கல் 1" என்று எழுதி விடுவார்கள். இனிமேல் நீங்களே கேட்டு எழுதுவியுங்கள்.

ஏமாந்தவர்களைப் பார்த்து நான் சிரிப்பவன் இல்லை. படித்து முடித்த புதிதில் இரத்தினபுரிப் பக்கம் சுற்றித் திரிந்தபோது, குழிக்குப் பக்கத்திலேயே ஒருவர் சாரத்து மடியிலிருந்து ஒரு சிவப்புக் கல்லை எடுத்துக் காட்டினார். ஈரம் காயாத சேறு. கரடுமுரடாக, ஆற்றில் உருண்ட கல் மாதிரி மூலை மழுங்கியிருந்தது. குழியிலிருந்து இல்லத்தை, அதாவது கல் கலந்த சரளையை, அள்ளிக் கழுவுகிறார்கள். கண்ணெதிரே வேலை நடக்கிறது. யாருக்குச் சந்தேகம் வரும்? இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். அன்றிரவு தங்கியிருந்த அறையில் சேற்றைக் கழுவி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பம்பரக் கட்டியின் ஒரு துண்டு. உடைத்து, உருட்டி, கீறல் போட்டு, சேற்றில் புரட்டியிருக்கிறார்கள். வளைகோடு மட்டும் அழகாக, வரிவரியாக, படிப்பில் காட்டிய மாதிரியைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கல்லை இன்னும் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் அதைத்தான் கொடுப்பேன். சேற்றைக் கண்டு மயங்குபவர்கள் எல்லாக் காலத்திலும் இருப்பார்கள்.

பதக்க விஷயம். செயற்கை என்று உறுதியானாலும் அந்தக் கல்லையே வையுங்கள் என்பேன். அம்மம்மா விரலில் கிடந்த கல் அது, வேறு கல் அந்த இடத்துக்கு வராது. அத்தோடு அது நல்ல சிவப்பு, உறுதியான கல். விற்கப் போனால் ஒன்றும் தேறாது. இப்படிப்பட்ட கல்லுக்கு வெட்டுக்கூலிதான் விலை. அடைவு வைத்தாலும் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்குத்தான் காசு. பிள்ளைகளுக்குள் பங்கு பிரிக்கும்போதும் தங்கத்தை மட்டும் கணக்கெடுங்கள், பர்மா என்ற பேச்சை அண்ணாவோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பத்தரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பொடி வைத்து ஊதும்போது, அதாவது தங்கத்தைச் சூட்டில் ஒட்டும்போது, கல் நகையில் இருக்கக் கூடாது. மாணிக்கம் சூட்டைத் தாங்கும். சூட்டில் பச்சை தட்டிப்போய், ஆறும்போது மறுபடி சிவக்கும். பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒட்டும்போது பத்தர் போடும் வெங்காரம் அதன் எதிரி. சூட்டோடு வெங்காரம் பட்டால் இயற்கைக் கல்லானாலும் ஆலைக் கல்லானாலும் மேற்பரப்பை அரித்து மங்கலாக்கிவிடும், பிறகு மறுபடி பட்டை தீட்டவேண்டி வரும்.

இனி மகளுக்கு வாங்கப்போகும் கல். சாதகம் என் மேசைக்கு வராத விஷயம், பலன் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சோதிடர் இயற்கைக் கல்தான் வேண்டும் என்று சொன்னால், அதை வாங்கித் தருவது எங்கள் வேலை, அவ்வளவுதான்.

இன்றைக்குச் சந்தையில் உங்களுக்குப் பெரிய ஆபத்து ஆலைக் கல் என்று நான் நினைக்கவில்லை. ஈயக் கண்ணாடி ஏற்றிய கல்தான். 2004 அளவிலிருந்து வெள்ளமாக வந்து இறங்கியது. நிலத்தில் எடுத்த, வெடிப்பு நிறைந்த, ஒன்றுக்கும் உதவாத கொரண்டத்தை எடுத்து, அதன் வெடிப்புகளுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி ஏற்றுவார்கள். வெளியே வரும்போது தெளிந்த சிவப்பு, பெரிய அளவு, ஆச்சரியப்படும்படி குறைந்த விலை. "இயற்கைக் கல்தானே?" என்று கேட்டால் "ஓம், இயற்கை" என்பார்கள். ஒரு வகையில் பொய்யும் இல்லை! பத்தரின் சுவாலை பட்டால் கண்ணாடி உருகி வெளியே வரும். தேசிக்காய்ச் சாறு பட்டாலே அரிக்கும். எங்கள் வீடுகளில் நகையைப் புளியிலும் தேசிக்காயிலும் ஊறவைத்துக் கழுவும் வழக்கம் இருக்கிறதே, இந்தக் கல் அதற்கு நிற்காது. கைவில்லையில் பார்த்தால் கல்லைச் சாய்க்கும்போது வெடிப்புகளுக்குள் நீலமும் செம்மஞ்சளும் மின்னி மறையும், தட்டையான குமிழிகள் தெரியும். ஆலைக் கல்லாவது நூறு வருடம் நின்று பிடிக்கும். உங்கள் மோதிரத்தில் இருப்பது அதுதானென்றால், அந்த மோதிரமே அதற்குச் சாட்சி. கண்ணாடி ஏற்றிய கல் அடுத்த தைப்பொங்கலுக்கு நிற்குமா தெரியாது.

வெறும் சூடு காட்டிய கல் வேறு சங்கதி. இலங்கையில் ஊதுகுழலால் மாணிக்கத்துக்குச் சூடு காட்டி நீலச் சாயலை எடுப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். இன்றைய சந்தைக் கல்லில் பெரும்பங்கு சூடு கண்டதுதான். சொல்லி விற்றால் வாங்கலாம், சூடு காணாத கல்லின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது: இது நிலத்துக் கல்லா, சூடு காட்டியதா, கண்ணாடி ஏற்றியதா? மூன்றுக்கும் பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கும்பிட்டுவிட்டு எழும்பி வாருங்கள். பெரிய கல் வேண்டாம், அரைக் கரட் போதும். உள்ளே ஊசி தெரிந்தால் நல்லது, அதற்காக விலை குறைப்பார்கள், உங்களுக்கு இரட்டை இலாபம். எங்கள் நாட்டுக் கல் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், சிலர் அதை மாணிக்கம் என்பார்கள், சிலர் பிங்க் சபையர் என்பார்கள். கோடு எங்கே போடுவது என்பதில் வியாபாரிகளுக்குள்ளேயே சண்டை. (இலங்கையில் இன்னுமொரு குழப்பம்: மாணிக்கக்கல் அகழ்வு என்று பேப்பரில் போட்டால் அது நீலக்கல், வைடூரியம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். "மாணிக்கம் தாங்கோ" என்று மட்டும் சொல்லிக் கடைக்குப் போகாதீர்கள். சிவப்பு, ரூபி என்று சொல்லுங்கள்.) பெரிய கல் எப்படிப்பட்ட விலைக்குப் போகும் என்று அறிய ஆசையென்றால்: மொசாம்பிக்கில் எடுத்த 55.22 கரட் மாணிக்கம் ஒன்று 2023இல் நியூயோர்க்கில் ஏறக்குறைய 348 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. நாங்கள் அரைக் கரட்டோடு நிற்போம்.

சான்றிதழ் வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்கு ஆய்வுகூடம் இருக்கிறது. கடைக்காரர் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் நீட்டினால், அதிலுள்ள எடையையும் மில்லிமீற்றர் அளவுகளையும் உங்கள் முன்னால் கல்லோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சரியான சான்றிதழ், வேறு கல் என்பது பழைய விளையாட்டு. அளவு கடைசித் தசமம்வரை ஒத்துவந்தால்தான் அந்தக் கடதாசி அந்தக் கல்லுக்குரியது. "கொரண்டம்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்திப்படாதீர்கள், ஆலைக் கல்லும் கொரண்டம்தான். "இயற்கை" என்ற சொல் இருக்க வேண்டும், சூடு, நிரப்பல் பற்றிய குறிப்பும் இருக்க வேண்டும்.

மோதிரத்தை எண்ணெயில் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் நேரே கொண்டு வாருங்கள். கழுவாமல் கொண்டு வாருங்கள், அந்த ஊத்தை எனக்கு வேண்டும். கல்லைக் கழற்றத் தேவையில்லை, உங்கள் முன்னாலேயே நுணுக்குக்காட்டியில் வைத்து, கோடு தெரிந்தால் உங்கள் போனிலேயே படம் எடுத்துத் தருகிறேன், அண்ணாவுக்கு அனுப்பலாம். பத்து நிமிட வேலை. மணிக்கூட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பின்மூடியைத் திறந்து அந்தக் கற்களையும் ஒருதரம் பார்க்க எனக்கு ஆசை.